கைக்கு வந்த போன் கன காலம் உழைக்கட்டும்

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டாவது கிழமை எங்கள் உம்மாவுக்குச் சீட்டு விழுந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களோடு சேர்ந்து மாதம் மூவாயிரம் ரூபாவாக அவர் கட்டி வந்த சீட்டு அது. குசினிக்கு ஒரு அலுமாரி செய்ய வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அலுமாரி வரவில்லை. அந்தக் காசில் எனக்கு ஒரு ஸ்மார்ட்போன் வந்தது.

உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்த பிறகு எனது இரசாயனவியல், பௌதிகவியல் மேலதிக வகுப்புகளில் பாதி ஒன்லைனில்தான் நடந்தன. உம்மாவின் பழைய போனில் வகுப்பு தொடங்கி முக்கால் மணித்தியாலத்தில் பற்றரி இறங்கிவிடும். சார்ஜர் வயரோடு சுவருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு படித்ததை உம்மா கன நாளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

புதுப் போன் வந்த அன்று வீடே கூடிவிட்டது. வாப்பா பெட்டியின் மேல் ஒட்டியிருந்த நாடாவைக் கத்தியால் வெட்டினார். காக்கா போனைத் தூக்கிக் கமராவைப் பார்த்தான். தம்பி விளையாட்டு இருக்கிறதா என்று கேட்டான். மூலையில் கதிரையில் இருந்த எங்கள் மூத்தம்மா மட்டும் வேறொரு கேள்வி கேட்டார்.

"இது எத்தின நாளைக்கு மகள் உழைக்கும்?"

எல்லோரும் சிரித்தோம். அவரது தையல் மெசின் நாற்பது வருடமாக உழைக்கிறது. அதை வைத்துத்தான் எங்கள் மாமிமாருக்கும் வாப்பாவுக்கும் உடுப்புத் தைத்து ஆளாக்கினார். ஒரு பொருளை வாங்கினால் அது எவ்வளவு காலம் உழைக்கும் என்று கேட்பது அவருக்குப் பழக்கம். எங்களுக்குத்தான் அந்தக் கேள்வி புதிதாக இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது நான் படித்துக்கொண்டதையும், பட்டுக்கொண்டதையும் என் தோழிகளுக்கும் அவர்களது பெற்றோருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுத்தால், அந்தப் போனைத் திறப்பதையும் ஒழுங்கு செய்வதையும் பராமரிப்பதையும் அவளே படித்துக்கொள்ள வேண்டும். கடைக்காரரோ, காக்காவோ, மச்சானோ அதைச் செய்து கொடுக்கக் கூடாது. பற்றரியைப் பாதுகாப்பதும் இதில் அடங்கும். பற்றரிக்கும் பெண்பிள்ளையின் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குப் பற்றரியின் பெறுமதி நன்றாகத் தெரியும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நான் ஏழாம் தரம். பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. வீட்டில் இருந்தது ஒரு போன், படிக்கும் பிள்ளைகள் மூன்று பேர். காக்காவின் சாதாரண தரப் பாடங்கள் முடிந்து என் முறை வரும்போது திரையின் மூலையில் சிவப்புக் கோடு தெரியும். அதன் பிறகு 2022 வந்தது. அந்த வருடம் மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. கரண்ட் வரும் நேரத்தில் மா அரைப்பதா, தண்ணீர் ஏற்றுவதா, போன் சார்ஜ் போடுவதா என்று உம்மா ஓடித் திரிந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பற்றரியில் மிச்சமிருக்கும் 12 சதவீதத்தை வைத்து ஒரு வினாத்தாளை எழுதி முடித்த தலைமுறை நாங்கள். அப்படி இருந்தும் புதுப் போன் கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறோம்.

முதலில், போன் வாங்கும் நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

கடையில் காசு கொடுக்கும் முன்னரே ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்கங்கள் கொண்ட ஐஎம்இஐ என்ற அடையாள எண் உண்டு. அது பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். போனில் நட்சத்திரக் குறி, ஹேஷ் குறி, 06, மறுபடி ஹேஷ் குறி என்று அழுத்தினாலும் திரையில் வரும். ஐஎம்இஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் 1909 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அந்தப் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். இரண்டு நிமிட வேலைதான். அந்த எண்ணை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். போன் களவு போனால் பொலிஸில் முதலில் கேட்பது அதைத்தான்.

அடுத்தது, கடையில் "தாங்க தங்கச்சி, நான் எல்லாத்தயும் போட்டுத் தாரன்" என்று சொல்வார்கள். பெரும்பாலும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அப்படிப் போட்டுத் தரும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கூகுள் கணக்கை வேறொருவர் உருவாக்குகிறார். கடவுச்சொல்லை அவர்தான் தெரிவு செய்கிறார். சில வேளை கணக்கை மீட்கும் தொலைபேசி இலக்கமாகத் தனது இலக்கத்தையே போட்டுவிடுகிறார். அந்தக் கணக்கில்தான் உங்கள் படங்களும் தொடர்பு இலக்கங்களும் நீங்கள் போய்வரும் இடங்களும் சேமிக்கப்படப் போகின்றன. எங்கள் வகுப்பில் போன் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுப் பார்த்தேன். தன் கூகுள் கடவுச்சொல் என்னவென்றே தெரியாதவர்கள் பலர் இருந்தார்கள். வீட்டுக் கதவுத் திறப்பை யாரிடம் கொடுத்தோம் என்று தெரியாமல் உள்ளே நித்திரை கொள்வது போன்றது இது.

ஆகவே பெட்டியை மூடியபடியே வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். உம்மாவையோ வாப்பாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே தொடங்குங்கள். கணக்கை மீட்கும் இலக்கமாக உம்மாவின் இலக்கத்தைக் கொடுங்கள். பிறந்த திகதியையோ 1234 என்பதையோ பூட்டு இலக்கமாக வைக்காதீர்கள். வட்ஸ்அப்பில் இரு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். செயலிகள் ஒவ்வொன்றும் கமரா, ஒலிவாங்கி, இருப்பிடம் என்று அனுமதி கேட்கும்போது, இதற்கு அது ஏன் என்று ஒரு முறை யோசியுங்கள். டோர்ச் செயலிக்கு உங்கள் தொடர்பு இலக்கங்கள் எதற்கு?

முதல் இரண்டு மூன்று நாட்கள் பற்றரி வேகமாக இறங்கினால் பயப்பட வேண்டாம். புதுப் போன் உள்ளுக்குள் மென்பொருளைப் புதுப்பிக்கிறது, பழைய படங்களை இறக்குகிறது, எல்லாவற்றையும் அடுக்கி வைக்கிறது. வீடு மாறிய முதல் கிழமை போலத்தான். பிறகு அடங்கிவிடும். கூடுமானால் அந்தப் பெரிய இறக்கங்களை வைஃபையில் செய்துவிட்டால் ரீலோட் காசும் மிச்சம்.

இனி மூத்தம்மாவின் கேள்விக்கு வருகிறேன். போன் எத்தனை நாளைக்கு உழைக்கும்?

திரையும் கமராவும் ஐந்தாறு வருடம் தாங்கும். முதலில் களைப்பது பற்றரிதான். இன்றைய போன்களில் இருப்பது லிதியம் அயன் பற்றரி. அதை 1991இல் முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது சோனி நிறுவனம். இந்தப் பற்றரியை உருவாக்க அடித்தளம் போட்ட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டான்லி விட்டிங்ஹாம், ஜோன் குட்இனஃப், அகிரா யோஷினோ என்பவர்கள் அவர்கள். பரிசு கிடைத்தபோது குட்இனஃபுக்கு வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களில் ஆகக் கூடிய வயதுடையவர் அவர்தான். இதை மூத்தம்மாவிடம் சொன்னபோது, "அந்த மனிசனும் நல்லா உழைச்சிரிக்கார்" என்றார்.

பற்றரிக்குள் நடப்பது உயர்தர இரசாயனவியல் படிப்பவர்களுக்கு விளங்கும், மற்றவர்களுக்கும் விளங்கக்கூடியதுதான். ஒரு பக்கம் காரீயம். பென்சிலுக்குள் இருக்கும் அதே பொருள்தான். எங்கள் நாட்டில் போகல, கஹட்டகஹ சுரங்கங்களிலிருந்து எடுக்கப்படுவதும் அதுதான். மறுபக்கம் ஒரு உலோக ஒட்சைட்டு. சார்ஜ் ஏறும்போது லிதியம் அயன்கள் ஒட்சைட்டை விட்டுக் காரீயத்தின் படைகளுக்குள் போய் அமர்கின்றன. போனைப் பாவிக்கும்போது திரும்பி வருகின்றன. இந்தப் போக்குவரத்து நடக்க நடக்க, காரீயத்தின் மேல் ஒரு மெல்லிய படலம் தடித்துக்கொண்டே போகும். அதில் கொஞ்சம் கொஞ்சமாக லிதியம் சிக்கிவிடும். சிக்கியது திரும்பி வராது. இதுதான் பற்றரியின் முதுமை. இதைத் தடுக்க முடியாது, தாமதப்படுத்தலாம். இதை விரைவுபடுத்துபவை இரண்டு. ஒன்று சூடு. மற்றது பற்றரி நீண்ட நேரம் நூறு சதவீதத்திலேயே நிறைந்து இருப்பது. இரண்டும் சேர்ந்தால் கேடு இரட்டிப்பு.

கணக்காகவும் பார்ப்போம். பற்றரியின் வாழ்நாளைச் சுழற்சிகளில் அளப்பார்கள். நூறு சதவீத அளவு சார்ஜைச் செலவழித்தால் ஒரு சுழற்சி. இன்று ஐம்பது, நாளை ஐம்பது செலவழித்தாலும் ஒரு சுழற்சிதான். ஐபோன் 14 வரையான போன்களின் பற்றரி, நல்ல நிலைமைகளில் 500 சுழற்சிகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டதாக அப்பிள் சொல்கிறது. ஐபோன் 15 முதல் அது 1000 சுழற்சி. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் போன்களின் பற்றரி 800 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. நாளுக்கு ஒரு முழுச் சுழற்சி பாவிப்பவருக்கு 500 சுழற்சி ஒன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடும். நாளுக்கு 60 சதவீதம் மட்டும் பாவிப்பவருக்கு அதே பற்றரி இரண்டேகால் வருடம் வரும். வாங்கிய போன் ஒன்றுதான், காசும் ஒன்றுதான், கையில்தான் வித்தியாசம்.

ஆகவே நான் கைக்கொள்ளும் பழக்கங்கள் இவை.

போனைச் சூட்டிலிருந்து காப்பாற்றுகிறேன். 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூழலில் போனைப் பாவிப்பது பற்றரியை நிரந்தரமாகப் பாதிக்கலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். எங்கள் கிழக்கில் கச்சான் காற்று வீசும் மாதங்களில், தகரக் கூரை போட்ட அறையில் மத்தியானம் எவ்வளவு சூடு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. யன்னல் கட்டிலும், மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும், வாகனத்தின் முன் கண்ணாடிக்குக் கீழும் போனை வைப்பது அடுப்பில் வைப்பது போலத்தான். சூடேறினால் உறையைக் கழற்றி நிழலில் வையுங்கள். சிலர் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் உள்ளே ஈரம் படியும், அது வேறு கேடு.

பற்றரியை 20க்கும் 80க்கும் இடையில் வைத்திருக்கப் பார்க்கிறேன். பரீட்சைக்கு, பயணத்துக்கு நூறு தேவைப்படும் நாளில் நூறு போடலாம், பாவமில்லை. ஒவ்வொரு நாளும் தேவையில்லை. இப்போது பல போன்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி பற்றரி அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. தேடிப் பாருங்கள்.

திரையின் வெளிச்சத்தைக் குறைக்கிறேன். போனில் ஆகக் கூடிய மின்னைக் குடிப்பவற்றில் முதலிடம் திரைக்குத்தான். அடுத்தது சிக்னல். கவரேஜ் குறைந்த இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடிச் சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பதிவிறக்கிய கடந்தகால வினாத்தாளை வாசிக்கும்போது விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால் பற்றரியும் மிச்சம், கவனமும் மிச்சம். வட்ஸ்அப் குழுக்களில் வரும் வீடியோக்கள் தாமாக இறங்குவதையும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

தப்பான நம்பிக்கைகளும் சில உண்டு. புதுப் போனை முதல் நாள் எட்டு மணித்தியாலம் சார்ஜில் போட வேண்டும், பற்றரியை முழுதாக இறங்கவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது பழைய நிக்கல் பற்றரிகளின் காலத்துப் பேச்சு. லிதியம் பற்றரிக்கு முழுதாக இறங்குவது கெடுதல். பின்னணியில் உள்ள செயலிகளை நிமிடத்துக்கு ஒரு முறை தள்ளி மூடுவதும் வீண் வேலை. மூடியதை மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் கூடுதல் மின் செலவாகும். கறுப்புத் திரை போட்டால் பற்றரி இரண்டு மடங்கு வரும் என்பதும் முழு உண்மையில்லை. ஓலெட் திரையுள்ள போன்களில்தான் அது பலன் தரும். அதிலும் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி வைப்பவருக்கே கூடுதல் பலன் என்று 2021இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வொன்று காட்டியது.

இவ்வளவும் தெரிந்த நான் ஒரு பிழை செய்தேன். அதையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை உண்மையாகாது.

போன் வந்த இரண்டாம் மாதம். இரவு பத்து மணிக்குப் போனை ஹோலில் வைக்க வேண்டும் என்பது வாப்பா போட்ட சட்டம். நான் வகுப்பு வீடியோ பார்க்க வேண்டும் என்று சொல்லி அறைக்குள் கொண்டு போனேன். முதல் அரை மணித்தியாலம் வகுப்புதான் பார்த்தேன். பிறகு பார்த்தது வேறு. உம்மா வரும் சத்தம் கேட்டதும் சார்ஜர் வயரோடு போனைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டு நித்திரை போல் கிடந்தேன். அப்படியே நித்திரையும் வந்துவிட்டது. சுபஹுக்கு எழுப்ப வந்த உம்மா தலையணையைத் தூக்கியபோது போன் கையில் பிடிக்க முடியாத சூடு. தலையணை உறையில் ஒரு மஞ்சள் கறை. உம்மா ஏசவில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அன்று நான் விளங்கிக்கொண்டது இதுதான். நிறைந்ததும் சார்ஜ் ஏறுவதைப் போன் தானாக நிறுத்திக்கொள்ளும், உண்மை. ஆனால் பஞ்சுக்குக் கீழே சூடு வெளியேற வழியில்லை. பற்றரிக்குக் கேடான சூடும் நிறைவும் ஒன்றாகச் சேரும் இடம் தலையணைக்குக் கீழ்தான். ஒளித்துப் பாவிக்கும் போன்தான் ஆகச் சூடாகும் போன். பிள்ளை ஒளிக்கத் தேவையில்லாத ஒரு வீட்டில் பற்றரியும் பிழைக்கும், பிள்ளையும் பிழைப்பாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு மாற்றம் செய்தோம். ஹோலில் சீமெந்துத் தட்டில் ஒரு இடம். இரவில் எல்லாப் போனும் அங்கேதான். என்னுடையது மட்டுமில்லாமல் காக்காவின் போனும், வாப்பாவின் போனும்கூட. "எனக்கு மட்டும் ஏன் சட்டம்?" என்று நான் கேட்டேன். வாப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் போனைக் கொண்டு வந்து முதலில் வைத்தார். அந்த ஒரு செயலுக்குப் பிறகு நான் ஒரு நாளும் ஒளித்ததில்லை.

இனிச் சொல்லப் போவதுதான் பற்றரிக்கும் பெண்பிள்ளைக்கும் உள்ள சம்பந்தம்.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை. அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். அவளது போனின் பற்றரி ஒரு வருடத்திலேயே ஊதிவிட்டது. அண்ணன்காரன் ஒரு கடையில் கொடுத்தான். திறக்கும் இலக்கம் கேட்டார்கள், கொடுத்தான். மூன்று நாள் போன் அங்கே இருந்தது. ஒரு கிழமைக்குப் பிறகு அறிமுகமில்லாத இலக்கத்திலிருந்து அவளுக்குச் செய்திகள் வரத் தொடங்கின. அவளது ராத்தாவின் கல்யாண வீட்டில், பெண்கள் மட்டும் இருந்த இடத்தில் எடுத்த படங்கள் அனுப்பியவரின் கையில் இருந்தன. அவள் பயந்து வீட்டில் சொன்னாள். வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? அவளது போனைப் பறித்தார்கள். மேலதிக வகுப்பையும் நிறுத்தினார்கள். படத்தைத் திருடியவன் கடையிலேயே இருக்கிறான். எதையும் திருடாதவள் வீட்டுக்குள் இருக்கிறாள்.

இது நியாயமா என்று இதை வாசிக்கும் ஒவ்வொரு வாப்பாவிடமும் நான் மரியாதையோடு கேட்கிறேன். எல்லாக் கடைக்காரரும் அப்படியில்லை. பெரும்பாலானோர் நேர்மையாக உழைத்துச் சாப்பிடுபவர்கள். ஆனால் இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வருவது நம்முடைய கவனயீனம். பற்றரி மாற்றுவதற்குப் போனைத் திறக்கும் இலக்கம் தேவையே இல்லை என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. ஏனென்றால் அவளது போனை முதல் நாளிலிருந்தே வேறு யாரோதான் பார்த்துக்கொண்டார்கள்.

எனவே, பற்றரியைப் பாதுகாத்தால் போன் திருத்தக் கடைக்குப் போகும் தடவைகள் குறையும். போகத்தான் வேண்டுமென்றால் செய்ய வேண்டியவை உண்டு. சிம்மையும் மெமரி கார்ட்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். முக்கியமானவற்றை வேறிடத்தில் சேமித்துவிட்டுப் போனை முழுதாக அழித்துக் கொடுப்பது ஆகப் பாதுகாப்பு. சாம்சுங்கின் புதிய போன்கள் பலவற்றில் மெயின்டனன்ஸ் மோட் என்றொரு வசதி உண்டு. அதைப் போட்டுக் கொடுத்தால் திருத்துபவர் போனைச் சோதித்துப் பார்க்கலாம், உங்கள் படங்களையும் செய்திகளையும் பார்க்க முடியாது. வேலை முடியும் வரை வீட்டில் ஒருவர் கடையிலேயே நில்லுங்கள். ஊதிய பற்றரியை நீங்கள் அழுத்தவோ குத்தவோ சார்ஜில் போடவோ கூடாது, தீப்பிடிக்கும். கழற்றிய பழைய பற்றரியைக் குப்பையோடு போட்டு எரிக்கவும் கூடாது.

மிரட்டல் வந்துவிட்டால் செய்தியை அழிக்காதீர்கள். அதுதான் சாட்சி. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்காகத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் இருக்கிறது. இணையப் பிரச்சினைகளுக்கு இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவின் 101 இலக்கம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் உம்மா இருக்கிறார். பிள்ளை உம்மாவிடம் வந்து சொல்வதற்குப் பயப்படாத வீடு இந்த இரண்டு இலக்கங்களையும்விடப் பெரிய பாதுகாப்பு.

பெற்றோர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. போனால் கெட்ட பிள்ளைகளையும், நேரத்தைத் தொலைத்து இசட் புள்ளியையும் தொலைத்தவர்களையும் நானும் பார்த்திருக்கிறேன். அந்த மஞ்சள் கறைத் தலையணை என் வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் பயத்தில் போனைப் பூட்டி வைத்தால் பிள்ளை அதைப் படித்துக்கொள்ள மாட்டாள். பிறகு பல்கலைக்கழகத்துக்கோ, தொழிலுக்கோ, கல்யாணமாகி வேறு வீட்டுக்கோ போகும்போது ஒன்றும் தெரியாமல் அதே போனோடு தனியாக நிற்பாள். மாவு குழைக்கக் கையைப் பிடித்துப் பழக்கிய உம்மாமாரே, இதையும் பக்கத்தில் இருந்து பழக்குங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் பழகுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

தோழிகளே, நமக்கும் ஒரு வார்த்தை. நம் கையில் இருக்கும் போன் யாரோ ஒருவரின் சீட்டுக் காசு, யாரோ ஒருவர் வெளிநாட்டு வெயிலில் உழைத்த சம்பளம், யாரோ அடகு வைத்த ஒரு சோடிக் காப்பு. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வீண்விரயம் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே படித்து வந்திருக்கிறோம். பற்றரி களைத்த உடனே புதுப் போன் கேட்பதும் வீண்விரயம்தான். பற்றரியை மட்டும் மாற்றினால் அதே போன் இன்னும் இரண்டு வருடம் உழைக்கும்.

எனது போனுக்கு இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது. காலையில் 80 சதவீதத்தோடு எடுத்தால் இரவு தட்டில் வைக்கும்போது முப்பதுக்குக் கிட்ட இருக்கிறது. குசினி அலுமாரி இன்னும் வரவில்லை. அடுத்த சீட்டு உம்மாவுக்கு விழும்போது அதை இன்னொரு போனுக்குக் கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

போன கிழமை மூத்தம்மா தன் தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போனின் சார்ஜ் துவாரத்தில் சேர்ந்திருந்த தூசியை மரக்குச்சியால் மெதுவாக எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு மெசினின் சில்லை ஒரு தடவை சுற்றிவிட்டார்.

"இப்படிப் பாத்தா உழைக்கும் மகள்" என்றார்.